இலவச மென்பொருளின் ஆபத்து எங்கே இருக்கிறது?

வீட்டில் இருக்கும் ஒரு சாதாரணக் கணினியை வைத்துக்கொண்டு கோயில் விழாவையோ வகுப்புப் பாடத்தையோ யூடியூபில் நேரலையாக ஒளிபரப்ப இன்று எந்த மென்பொருளையும் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஓபிஎஸ் ஸ்டுடியோ அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. தினமும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய வேலைகளைக் கணினியே பார்த்துக்கொள்ள ஆட்டோஹாட்கீ, என்எய்ட்என் போன்ற தானியங்கு மென்பொருள்கள் இருக்கின்றன. கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது, படிவம் நிரப்புவது, குறித்த நேரத்தில் ஒளிபரப்பைத் தொடங்குவது எல்லாவற்றையும் அவற்றிடம் ஒப்படைக்கலாம். இவற்றை நம் கணினியில் நிறுவலாமா என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் வரும். சும்மா கிடைப்பதில் வைரஸ் இருக்கும் என்பது ஒன்று. சும்மாதானே, போட்டுப் பார்ப்போம் என்பது மற்றொன்று. இரண்டு பதில்களுமே விலையைப் பார்த்து முடிவெடுக்கின்றன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், பயனர்களுக்கு நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவை மென்பொருளை எழுதியவரிடமிருந்து வந்தவை அல்ல. அவரிடமிருந்து நம் கணினி வரைக்குமான வழியில், அதாவது தேடுபொறி விளம்பரத்தில், பதிவிறக்கத் தளத்தில், இடையில் இருக்கும் சர்வரில் புகுந்தவை. ஆகவே நாம் சரிபார்க்க வேண்டியது அந்த வழியைத்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இந்த மென்பொருள்கள் யாரிடமிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்போம். விஎல்சி என்ற வீடியோ இயக்கி, 1996-இல் பாரிஸின் எக்கோல் சென்ட்ரல் பொறியியல் கல்லூரி மாணவர்கள் கல்லூரி வலைப்பின்னலில் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது. 2001-இல் அதன் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஓபிஎஸ் 2012-இல் ஹியூ பெய்லி என்ற நிரலாளரின் தனி முயற்சியாக வெளிவந்து, பிறகு பலர் சேர்ந்து வளர்க்கும் திட்டமானது. யூடியூப், ட்விச் போன்ற நிறுவனங்களின் நிதி உதவியும் அதற்கு இருந்துவருகிறது. உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த 2020-இல் வந்த 26ஆம் பதிப்பு, விண்டோஸில் ஓபிஎஸ்ஸின் காட்சியையே ஒரு கேமரா போலக் காட்டும் வசதியைச் சேர்த்தது. ஆசிரியர்களுக்கு இணையவழி வகுப்பில் அது பெரிய உதவி. ஆட்டோஹாட்கீ 2003 முதல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பை விண்டோஸ் 10 பயனர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றித் தந்தது. 2019-இல் பெர்லினில் தொடங்கிய என்எய்ட்என் தன் மூலநிரலைப் பார்வைக்கு வைக்கிறது. ஆனால் அதையே ஒரு சேவையாக மற்றவர்களுக்கு விற்பதை அதன் உரிமம் கட்டுப்படுத்துகிறது. நன்கொடை, நிறுவன ஆதரவு, பெரிய வாடிக்கையாளர்களிடம் வாங்கும் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் பிழைப்புக்கான வழி வெளிப்படையாகத் தெரிகிறது. விஎல்சியில் விளம்பரமும் கருவிப்பட்டையும் சேர்த்தால் பெருந்தொகை தருவதாகப் பலர் வந்ததையும், தான் மறுத்ததையும், அதை வளர்க்கும் வீடியோலேன் அமைப்பின் தலைவர் ழான்-பத்தீஸ்த் கெம்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். விலை வாங்காதவர் வேறு வழியில் நம்மைச் சுரண்டியே தீர்வார் என்ற பொதுவான சந்தேகம் இவர்களுக்குப் பொருந்தாது.

அப்படியானால் இலவச மென்பொருளுக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயரில் பெரும்பங்கு பதிவிறக்கத் தளங்கள் வாங்கிக்கொடுத்தது. 2011 இறுதியில், சிநெட் நிறுவனத்தின் டவுன்லோட்.காம் தளம் என்மேப் என்ற புகழ்பெற்ற வலைப்பின்னல் ஆய்வுக் கருவியைத் தன் சொந்த நிறுவிக்குள் பொதிந்து, கூடவே கருவிப்பட்டையையும் திணித்து விநியோகித்தது. என்மேப்பை எழுதிய கார்டன் லியான் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கட்டற்ற மென்பொருள்களின் தாய்வீடாகக் கருதப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜும் 2013-இல் விளம்பர மென்பொருள்களைச் சேர்த்துத் தரும் நிறுவிகளைக் கொண்டுவந்தது. அதை ஏற்காத கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் திட்டம் அங்கிருந்து வெளியேறியது. 2015-இல், கைவிடப்பட்டதாகச் சொல்லி அதன் விண்டோஸ் பக்கத்தைச் சோர்ஸ்ஃபோர்ஜே எடுத்துக்கொண்டு, விளம்பரம் பொதிந்த நிறுவியை அங்கே வைத்தது. கிம்ப்பின் நிரலில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அதை இறக்கியவரின் உலாவியில் முன்பின் தெரியாத கருவிப்பட்டை வந்து உட்கார்ந்தது. அவர் யாரைக் குறை சொல்லியிருப்பார்? 2016-இல் புதிய உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். அதற்குள் இலவசம் என்றாலே குப்பையும் சேர்ந்து வரும் என்ற எண்ணம் ஒரு தலைமுறைப் பயனர்களின் மனத்தில் பதிந்துவிட்டது.

பதிவிறக்கத் தளங்களின் செல்வாக்கு குறைந்ததும் அந்த இடத்தைத் தேடுபொறி விளம்பரம் பிடித்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ வெளியிட்ட எச்சரிக்கை, தேடல் முடிவுகளுக்கு மேலே பணம் கொடுத்து இடம் பிடிக்கும் போலித் தளங்களைப் பற்றியது. சில வாரங்களிலேயே அதற்கு ஓபிஎஸ் உதாரணமானது. 2023 ஜனவரியில், இணையத்தில் 'என்எஃப்டி காட்' என்ற பெயரில் அறியப்பட்ட ஒருவர் ஓபிஎஸ்ஸைத் தேடி, கூகுளில் மேலே நின்ற விளம்பரத்தைச் சொடுக்கி, அங்கே கிடைத்த கோப்பை நிறுவினார். அவருடைய கிரிப்டோ சொத்து, சமூக ஊடகக் கணக்குகள், செய்திமடல் எல்லாமே திருடர் கைக்குப் போயின. செய்திமடல் வாசகர்களுக்கும் அவர் பெயரிலேயே மோசடி இணைப்புகள் சென்றன. உண்மையான ஓபிஎஸ்ஸை அவர் நிறுவவே இல்லை. நேரலை மென்பொருளைத் தேடுபவர்கள் பெரும்பாலும் சேனல் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய உலாவியில் மதிப்புள்ள கணக்குகள் திறந்தே கிடக்கும் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வகை மென்பொருளின் பெயருக்கு விளம்பரக் காசு செலவழிக்கிறார்கள்.

அதிகாரபூர்வத் தளத்துக்கே போனால் எல்லாம் சரியாகிவிடுமா? பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எப்போதும் அல்ல. வீடியோக்களை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளுக்கு 2017 மே மாதம் நேர்ந்தது இதை விளக்கும். அதன் பதிவிறக்கச் சர்வர்களில் ஒன்றுக்குள் புகுந்தவர்கள் மே 2 முதல் 6 வரை மேக் கணினிகளுக்கான நிறுவிக்குப் பதிலாக வேறு கோப்பை வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால், கூடுதல் கோடெக்குகளை நிறுவ வேண்டும், கணினியின் கடவுச்சொல்லைத் தாருங்கள் என்று ஒரு பெட்டி வரும். வீடியோ மென்பொருள் கோடெக் கேட்பது இயல்பாகத் தோன்றும் என்பதை அறிந்து செய்த வேலை அது. கடவுச்சொல்லைக் கொடுத்தவரின் கணினியில் புரோட்டான் என்ற உளவு நிரல் குடியேறியது. ஏமாந்தவர்களில் மேக் மென்பொருள்கள் செய்யும் பானிக் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரும் உண்டு. அந்த நிறுவனத்தின் மூலநிரல்களே திருடப்பட்டன. அனுபவம் மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இதே நிகழ்ச்சியில் தப்பியவர்களும் இருந்தார்கள். ஹேண்ட்பிரேக்கின் அப்போதைய புதிய பதிப்புகளுக்குள் இருந்த புதுப்பிப்பு வசதி வழியாக வந்தவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அந்த வசதி, இறங்கிய கோப்பில் திட்டத்தின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே நிறுவும். ஒரே மென்பொருள், ஒரே வாரம். சரிபார்க்கும் வழியில் வந்தவர் தப்பினார், சரிபார்க்காத வழியில் வந்தவர் மாட்டினார்.

கையொப்பமும் முழுக் காப்பு அல்ல என்று மறுப்பவர்கள் இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டலாம். இரண்டுமே கனமானவை. 2017 ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரங்கள், கணினியைச் சுத்தப்படுத்தும் சிகிளீனரின் 5.33 பதிப்பு, அதைச் செய்த நிறுவனத்தின் அசல் கையொப்பத்தோடே நச்சு நிரலைச் சுமந்து சென்றது. ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் அது நிறுவப்பட்டது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்ஸெட் விவகாரம் இன்னும் நுட்பமானது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்புச் சுருக்க நிரலின் பராமரிப்பாளரிடம் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்த ஒரு மர்ம நபர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசிய வாசல் வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி அதிகமாவதைக் கவனித்துத் துருவியதால் அது பிடிபட்டது. மூலநிரல் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும் என்ற வாதத்துக்கு இது அடிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாசலைத் திறக்கும் முக்கியப் பகுதி, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த பொதியில்தான் இருந்தது. இங்கேயும் எழுதப்பட்டதற்கும் வந்து சேர்ந்ததற்கும் இடையிலான வழியே தாக்கப்பட்டது. அதைத் துருவிக் கண்டுபிடிக்க ஒரு வெளியாளால் முடிந்ததற்கும், அந்தப் பதிப்பு பெரும்பாலான கணினிகளை எட்டும் முன்பே எச்சரிக்கை பரவியதற்கும் காரணம், நிரல் திறந்திருந்ததுதான்.

பணம் கொடுத்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லையே என்பது அடுத்த மறுப்பு. அதற்கான பதில் 2020 டிசம்பரில் வந்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த மேலாண்மை மென்பொருளின் புதுப்பிப்பே நஞ்சாகி, 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதைப் பெற்றார்கள். அமெரிக்க அரசுத் துறைகளும் அவர்களில் அடங்கும். கட்டணம் ஆதரவு சேவையைத் தரும், பொறுப்பேற்க ஓர் ஆளைத் தரும். வழியின் தூய்மைக்கு அது உத்தரவாதம் தராது. நம் ஊர் நிலைமையில் இந்த மறுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே கட்டண மென்பொருள் என்றால் பலருக்கு அதன் கிராக் பதிப்பு என்றுதான் பொருள். கிராக்கை நிறுவச் சொல்லும் குறிப்பின் முதல் வரியே ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்பதாக இருக்கும். யார் மாற்றினார், எதை மாற்றினார் என்று எந்த வகையிலும் சரிபார்க்க முடியாத ஒரு கோப்புக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கும் செயல் அது. நேரலைக்குக் கட்டண மென்பொருளின் கிராக்கைத் தேடுபவருக்கு ஓபிஎஸ் ஒரு மாற்று மட்டுமல்ல, பாதுகாப்பான மாற்று. விலையில்லாமல் கிடைப்பதால் அதைத் திருட வேண்டிய தேவையே எழுவதில்லை.

தானியங்கு மென்பொருளுக்கு வரும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வீடியோ இயக்கி கோப்பைத் திறந்து காட்டுவதோடு நிற்கும். தானியங்கு மென்பொருளோ நம் பெயரில், நம் அனுமதியோடு செயல்படுகிறது. ஆட்டோஹாட்கீயால் விசைப்பலகையில் நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனிக்க முடியும், அழுத்தாத விசையை அழுத்தியதாகக் காட்டவும் முடியும். அதன் பயனும் அதுதான், கடவுச்சொல் திருடும் நிரல்களின் அடிப்படைத் திறனும் அதுதான். ஆன்டிவைரஸ்கள் அவ்வப்போது அதைச் சந்தேகிப்பதன் காரணம் இது. என்எய்ட்என் நம் மின்னஞ்சல், விரிதாள், வணிகக் கணக்குகளின் சாவிகளையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அதை வீட்டுக் கணினியில் நிறுவி, வெளியிலிருந்தும் திறக்க வசதியாக இணையத்துக்குக் காட்டிவிட்டால், எல்லாச் சாவிகளையும் தெருவில் வைத்ததற்குச் சமம். நேரலையும் தானியக்கமும் சந்திக்கும் இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஓபிஎஸ்ஸின் 28ஆம் பதிப்பிலிருந்து வெப்சாக்கெட் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. வேறொரு நிரல் அதன் வழியாகக் காட்சியை மாற்றலாம், ஒளிபரப்பைத் தொடங்கலாம், நிறுத்தலாம். கடவுச்சொல் காவலும் அதற்கு உண்டு. ஆனால் யூடியூப் நமக்குத் தரும் ஸ்ட்ரீம் கீ, ஓபிஎஸ்ஸின் அமைப்புக் கோப்புறையில் சாதாரண எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. நம் கணக்கின் கீழ் ஓடும் எந்த நிரலும் அதைப் படிக்கலாம். படித்தவர் நம் சேனலில் தன் வீடியோவை ஓட்டலாம். ஓபிஎஸ்ஸுக்கென்று கிடைக்கும் செருகுநிரல்களும் தனி வேலிக்குள் ஓடுவதில்லை. ஓபிஎஸ்ஸுக்கு இருக்கும் அதிகாரம் முழுவதும் அவற்றுக்கும் உண்டு. ஆகவே மூல மென்பொருளை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, செருகுநிரலையும் எழுத்துநிரலையும் எங்கிருந்தோ எடுப்பது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைப்பது போன்றது.

வழி கெடுவதற்குத் தீயவர்கள்தான் வேண்டும் என்பதில்லை. நல்ல எண்ணமும் அதைக் கெடுக்கலாம். ஃபெடோரா லினக்ஸ் தானே பொதிந்து தந்த ஓபிஎஸ் சரியாக வேலை செய்யவில்லை என்றும், பயனர்கள் அதை அதிகாரபூர்வப் பதிப்பு என்று நினைத்துத் தங்களிடம் புகார் செய்கிறார்கள் என்றும் ஓபிஎஸ் திட்டத்தார் 2025 தொடக்கத்தில் வெளிப்படையாகச் சண்டையிட வேண்டிவந்தது. அரசின் கைபட்டாலும் வழி கெடும் என்பதற்கு இந்தியாவே சான்று. 2022 பிப்ரவரி முதல் விஎல்சியின் அதிகாரபூர்வத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சைமன்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், சிக்காடா என்ற ஊடுருவல் குழு விஎல்சியின் அசல் கோப்பைத் தன் நச்சு நிரலுக்கு மறைப்பாகப் பயன்படுத்தியதாக அறிவித்திருந்தது. ஆனால் தளத்தை முடக்கியபோது அதற்கான காரணத்தை வீடியோலேனுக்கு அரசு சொல்லவில்லை. தளத்தை முடக்கினால் மக்கள் விஎல்சியைத் தேடுவதை நிறுத்திவிடுவார்களா? மாட்டார்கள். அடுத்ததாக வரும் ஏதோ ஒரு தளத்துக்குப் போவார்கள், நச்சு கலந்த நகல்கள் காத்திருப்பது அங்கேதான். இந்த ஆபத்தை வீடியோலேனே சுட்டிக்காட்டியது. இணைய உரிமை அமைப்பான இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அது அக்டோபரில் சட்ட அறிவிக்கை அனுப்பிய பின், நவம்பரில் தடை நீங்கியது. பாதுகாப்பான வாசலைக் காரணம் சொல்லாமல் மூடிவைத்த ஒன்பது மாதங்கள் அவை. இப்படி ஒரு முடிவை எடுக்கும்போது காரணத்தைச் சொல்வதும், மென்பொருளை எழுதியவரின் பதிலைக் கேட்பதும் அரசின் கடமை.

சாமானியர்கள் கையொப்பமும் ஹேஷும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பது கடைசி மறுப்பு. முடியும் என்பதே என் பதில். அது தோன்றும் அளவுக்குக் கடினமானது அல்ல. விண்டோஸில் ஒரு நிறுவியை இயக்கியதும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வருகிறது. பெரும்பாலோர் படிக்காமலே ஆம் என்று அழுத்துகிறார்கள். அந்தப் பெட்டியில் வெளியீட்டாளர் என்ற வரி இருக்கும். கையொப்பம் சரியாக இருந்தால் அங்கே பெயர் வரும். இல்லையென்றால் அறியப்படாதவர் என்று வரும், விண்டோஸ் 10-இல் பெட்டியின் தலைப்பகுதியே மஞ்சளாக மாறும். அந்த ஒரு வரியைப் படிக்க மூன்று நொடி போதும். பெயர் எதிர்பார்த்ததுதானா, அறியப்படாதவரா என்பதைப் பொறுத்து முடிவெடுக்கலாம். அடுத்த படி ஹேஷ். திட்டத்தின் பக்கத்தில் கோப்புக்குரிய 64 எழுத்து எண் கோவை கொடுக்கப்பட்டிருந்தால், பவர்ஷெல்லில் ஒரு வரிக் கட்டளை போட்டு நம் கோப்பின் கோவையைப் பெற்று ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கோப்பை அழித்துவிட வேண்டும். இதையும் செய்ய மனமில்லாதவருக்குத் தொகுப்பு மேலாளர் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் வெளியிட்ட விங்கெட், ஓபிஎஸ், விஎல்சி போன்றவற்றை வெளியீட்டாளரின் முகவரியிலிருந்தே இறக்கி, ஹேஷையும் தானே சரிபார்த்து நிறுவுகிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகள் கையொப்பமிட்ட களஞ்சியங்களிலிருந்து நிறுவும் முறையைப் பல ஆண்டுகளாகவே கடைப்பிடிக்கின்றன. ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நச்சு கலந்த சிகிளீனர் நான்கு வாரம் பரவியபோது பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் வாய் திறக்கவில்லை. அது கடைசிக் காவலாக இருக்கலாம், ஒரே காவலாக இருக்கக் கூடாது.

இந்தச் சான்றுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் ஒரு தீர்ப்பு சொல்லலாம். ஓபிஎஸ், விஎல்சி, ஆட்டோஹாட்கீ போன்றவற்றை நிறுவுவதில் தயக்கம் தேவையில்லை. எங்கிருந்து, யாருடைய கையொப்பத்தோடு, எவ்வளவு அதிகாரம் கொடுத்து நிறுவுகிறோம் என்பதில் தயக்கம் தேவை. பொறுப்பைத் தனிப்பட்ட பயனர் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. கல்லூரிகளும் பள்ளிகளும் சரிபார்த்த நிறுவிகளைத் தங்கள் உள் சர்வரில் வைத்து மாணவர்களுக்குத் தரலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு. தேடுபொறி நிறுவனங்கள் விளம்பரக் காசை வாங்கும் முன் அந்த மென்பொருளின் பெயரைப் பயன்படுத்த விளம்பரதாரருக்கு உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். தமிழில் செயல்முறை வீடியோ போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கப் பெட்டியில் ஏதோ ஒரு கிளவுட் கோப்புறையின் இணைப்பைத் தராதீர்கள், அதிகாரபூர்வ முகவரியைத் தாருங்கள், வெளியீட்டாளர் பெயரைப் பார்ப்பதையும் திரையில் ஒருமுறை காட்டுங்கள். வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவதும் சுருக்கமானதே. அடுத்த முறை ஒரு மென்பொருள் தேவைப்படும்போது தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தாண்டிச் செல்லுங்கள். முகவரியை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அனுமதிப் பெட்டியில் இருக்கும் பெயரைப் படிக்காமல் ஆம் என்று அழுத்தாதீர்கள்.